என்ஜின் வேலை முடிந்ததும் கூலிங் சிஸ்டத்தில் ஏர் எடுப்பது எப்படி

ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வருகிற தகடு) மாற்றியாயிற்று, வாட்டர் பம்ப் புதிது, போல்ட்டெல்லாம் டார்க் ரென்ச் வைத்து முறுக்கியாயிற்று, என்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்டும் வாய் வரை ஊற்றியாயிற்று. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது, ஹீட்டரைப் போட்டால் ஜில்லென்று காற்று வருகிறது. உடனே "தெர்மோஸ்டாட் போயிருக்கும்", "புது பம்ப்பே சரியில்லை" என்று மறுபடியும் கழற்றக் கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலும் அதெல்லாம் ஒன்றும் இருக்காது. உள்ளே ஏர் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஏர் எடுப்பது என்றாலே மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்துக் குமிழ் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் வேலை சாவியைத் திருப்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கூலன்டை எப்படி ஊற்றுகிறோம், எவ்வளவு மெதுவாக ஊற்றுகிறோம், ஏர் வெளியேற எங்கே வழி விட்டிருக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குளிர்ந்த என்ஜினில் அதைச் சரியாகச் செய்துவிட்டால், ஓடவிட்டு எடுக்க வேண்டிய ஏர் மிகக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்.

ஏர் எங்கே நிற்கும், நின்றால் என்ன ஆகும்

கூலன்டை வடித்துவிட்டு ஹெட்டைக் கழற்றினால் பிளாக், ஹெட், ஹீட்டர், ஹோஸ்கள் எல்லாம் காலியாகிவிடும். திரும்ப மேலிருந்து ஊற்றும்போது தண்ணீர் கீழே இறங்க வேண்டும், அங்கிருக்கும் காற்று அதே வழியாக மேலே ஏறி வர வேண்டும். ஆனால் வழியில், சூடானால் மட்டும் திறக்கிற வால்வான தெர்மோஸ்டாட் மூடிக்கிடக்கிறது. ஹீட்டர் ஹோஸ் ஒரு இடத்தில் மேலே ஏறி வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. இந்த மாதிரி மேடான வளைவுகளிலும், தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் ஹெட்டின் மேல்பகுதியிலும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ரேடியேட்டரிலும்தான் காற்று தங்கிவிடும். ரேடியேட்டர் வாயை விட உயரமாக ஹீட்டர் இருக்கும் வண்டிகள் ஏராளம். அவற்றில் சும்மா ஊற்றினால் அந்த ஏர் வெளியே வரவே வராது.

பம்ப் ஓடினால் தள்ளிவிடாதா என்று கேட்கலாம். வாட்டர் பம்ப் சுழற்சி வேகத்தால் தண்ணீரை வெளிப்பக்கமாக வீசித் தள்ளுகிற வகை. கனமான தண்ணீரைத்தான் அதனால் வீச முடியும். இறக்கைகளைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால் பம்ப் சும்மா சுற்றுமே தவிர எதுவும் நகராது.

ஹெட்டில் காற்று நிற்பதுதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்து உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே திரவம் இல்லை. பக்கத்தில் இருக்கிற கொஞ்சக் கூலன்டும் கொதித்து ஆவியாகி அந்தக் காற்றோடு சேர்ந்துகொள்ளும். அலுமினிய ஹெட் வளைவதற்கு இது போதும், அதாவது புதிதாகப் போட்ட கேஸ்கெட் மறுபடியும் போய்விடும். இதில் இன்னொரு சிக்கல், டெம்பரேச்சர் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் முள் பாதியிலேயே நிற்கும், இல்லாவிட்டால் ஏறி இறங்கி ஆடும். ஏர் எடுக்கும் நேரத்தில் முள் நடுவில் இருக்கிறது என்பதை வைத்து என்ஜின் சூடாகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முள் சொல்வதோடு, ரேடியேட்டரின் மேல் ஹோஸின் சூடு என்ன, ஹீட்டரில் வருகிற காற்று சூடா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊற்றும் முன்

முதலில் என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கையால் தொட்டால் சூடே தெரியக் கூடாது. சூடான சிஸ்டத்தின் மூடியைத் திறப்பது எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். 115 டிகிரியில் கொதிக்காமல் அமைதியாக இருக்கும் கூலன்ட், மூடியைத் திறந்து அழுத்தம் இறங்கிய அந்த நொடியில் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இதே கதைதான்.

அடுத்து, உங்கள் வண்டியில் என்ன அமைப்பு என்று பாருங்கள். ரேடியேட்டர் மேலேயே அழுத்த மூடி இருந்து, பக்கத்தில் ஒரு ஓவர்ஃப்ளோ பாட்டில் மெல்லிய ஹோஸோடு தனியாக இருந்தால் அது பழைய வகை. அந்தப் பாட்டிலில் அழுத்தம் கிடையாது. பாட்டிலில் ஊற்றினால் ரேடியேட்டர் நிறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், ரேடியேட்டர் வாயில்தான் ஊற்ற வேண்டும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், என்ஜின் அறையிலேயே உயரமான இடத்தில் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டேங்க் இருந்தால், அந்த டேங்க்தான் அழுத்தம் தாங்குகிற பகுதி. ஊற்றுவதும் அங்கேதான், ஏர் வந்து சேர்வதும் அங்கேதான். இந்த வகையில் ரேடியேட்டரின் மேலிருந்தும் ஹெட்டிலிருந்தும் பென்சில் தடிமன் ஹோஸ் ஒன்றிரண்டு டேங்குக்கு வரும். ஏர் திரும்பி வருகிற பாதை அதுதான். பழைய வண்டியில் அதன் வாய் அழுக்கால் அடைத்திருந்தால் நீங்கள் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் ஏர் வராது. ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்காதீர்கள், கூலன்ட் விஷம். காற்றுக் குழாயால் மெல்ல ஊதினாலோ மெல்லிய கம்பியை விட்டாலோ போதும்.

பிறகு, தளர்த்தினால் ஏரை வெளியே விடுகிற ப்ளீடர் ஸ்க்ரூவைத் தேடுங்கள். தெர்மோஸ்டாட் வீட்டின் (ஹவுசிங்கின்) மேலே, ரேடியேட்டர் மேல் மூலையில், ஹீட்டர் ஹோஸின் வளைவில் என்று பல இடங்களில் இருக்கும், சில வண்டிகளில் இரண்டு மூன்று கூட. வண்டியின் மேனுவலில் இடம் போட்டிருக்கும். பிளாஸ்டிக்காக இருந்தால் பெரிய ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருகாதீர்கள், தலை உடைந்தால் பாதி ஸ்க்ரூ உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பித்தளையாக இருந்தால் சுற்றி இருக்கும் பச்சைக் களிம்பைச் சுரண்டிவிட்டு மெதுவாகத் தளர்த்துங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பலவற்றின் தட்டில் ஒரு சின்னத் துளையும் அதில் ஆடுகிற ஒரு குண்டூசியும் இருக்கும். காற்று வந்தால் விடும், திரவம் வேகமாக வந்தால் அடைத்துக்கொள்ளும். அந்தத் துளை மேல்பக்கம், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டால் அதன் மேலே ஏர் தங்கிவிடும், எவ்வளவு ஊற்றினாலும் வராது. ஏர் வராத வண்டிக்கு வைத்தியம் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். அதுமட்டுமல்ல, பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவிடும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும்.

வடித்த கூலன்டை அளந்து வையுங்கள். இது மிக முக்கியம், ஆனால் செய்கிறவர்கள் குறைவு. மேனுவலில் கொள்ளளவு 6 லிட்டர் என்று இருக்கிறது, நீங்கள் முழுக்க வடித்திருக்கிறீர்கள், இப்போது நாலரை லிட்டரிலேயே வாய் நிறைந்துவிட்டது என்றால் மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். வேறு எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. பிளாக்கில் வடிகால் போல்ட்டைக் கழற்றாமல் ரேடியேட்டரை மட்டும் வடித்திருந்தால் பிளாக்கிலேயே கொஞ்சம் பழையது தங்கியிருக்கும், அதனால்தான் வடித்தது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். கொள்ளளவு 8 லிட்டர், கழுவிய தண்ணீர் 3 லிட்டர் உள்ளேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கலந்தே விற்கிற கூலன்டை ஊற்றினால் மொத்தத்தில் தண்ணீர் அதிகமாகிவிடும். கலக்காத கான்சென்ட்ரேட் 4 லிட்டரை முதலில் ஊற்றி, மீதி 1 லிட்டருக்கு வாலைவடி நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றினால் பாதிக்குப் பாதி சரியாக வரும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு உள்ளே படியும். கூலன்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சையோ சிவப்போ அது கம்பெனி போட்ட சாயம். மேனுவலில் சொல்லியிருக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் சிலசமயம் கொழகொழவென்று திரண்டுவிடும்.

குளிர்ந்த என்ஜினில் ஊற்றுவது

வண்டியின் முன்பக்கத்தை உயர்த்துங்கள். ஊற்றுகிற வாய்தான் மொத்த சிஸ்டத்திலேயே உயரமான இடமாக ஆக வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். சரிவான பாதையில் முன்பக்கம் மேலே இருக்குமாறு நிறுத்தலாம், ரேம்ப்பில் ஏற்றலாம். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வையுங்கள். ஊற்றும் வாய் பின்பக்கம் இருக்கிற வண்டி என்றால் பின்பக்கத்தை உயர்த்த வேண்டும்.

ஹீட்டரை அதிகபட்சச் சூட்டில் வையுங்கள். ஹீட்டருக்குப் போகும் வழியில் வால்வு இருக்கிற வண்டிகளில் இப்படி வைத்தால்தான் வால்வு திறக்கும். சில வண்டிகளில் அந்த வால்வே கிடையாது, கூலன்ட் எப்போதும் ஹீட்டர் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் வைப்பதில் நஷ்டமில்லை. தானியங்கி ஏசி உள்ள வண்டிகளில் இக்னிஷன் போட்டு, வெப்பநிலையைக் கடைசி வரை ஏற்றிவிட்டு அணைத்தால் போதும்.

இப்போது புனல். ரேடியேட்டர் வாயில் கசியாமல் இறுக மாட்டிக்கொள்ளும் அடாப்டரோடு வருகிற பெரிய கூலன்ட் புனல் ஒன்று விற்கிறது, அடிக்கடி இந்த வேலை செய்கிறவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கூலன்ட் நிற்பதால் அந்த எடையே கீழே அழுத்தம் கொடுக்கும், வாயும் உயர்ந்துவிடும், பொங்கினாலும் புனலுக்குள்ளேயே பொங்கும்.

ப்ளீடர் ஸ்க்ரூக்களை ஒன்றிரண்டு சுற்று தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்ற ஆரம்பியுங்கள். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக, நூல் மாதிரி. அவசரமாகக் கவிழ்த்தால் கழுத்தை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கும், கீழிருக்கும் காற்றுக்கு மேலே வர வழி இருக்காது. கொஞ்சம் ஊற்றுங்கள், நிறுத்துங்கள், மட்டம் தானாக இறங்குவதைப் பாருங்கள், மறுபடி ஊற்றுங்கள். ப்ளீடரில் முதலில் சத்தமில்லாமல் காற்று மட்டும் வரும், பிறகு நுரையும் துப்பலுமாகக் கூலன்ட் வரும், அப்புறம் குமிழ் இல்லாமல் ஒரே கோடாக ஒழுகும். அந்தக் கோடு வந்ததும் மூடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் தாழ்வான இடத்தில் இருப்பதில்தான் முதலில் வரும், வருகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போகலாம்.

ப்ளீடரே இல்லாத வண்டியா? உயரமான இடத்தில் போகும் ஹீட்டர் ஹோஸ் ஒன்றின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஹோஸின் முனையைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள். அங்கே கூலன்ட் எட்டிப் பார்த்ததும் ஹோஸை மாட்டி கிளாம்ப்பை இறுக்கிவிடலாம். இது குளிர்ந்த என்ஜினில் மட்டும் செய்கிற வேலை, சூடான பிறகு எந்த ஹோஸிலும் கை வைக்காதீர்கள். பழைய ஹீட்டரின் மூக்குக் குழாய் மெலிந்திருக்கும், ஹோஸை முறுக்கி இழுத்தால் குழாயே வளைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊற்றி முடித்ததும் மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்கி அமுக்கி விடுங்கள். அமுக்கும்போது புனலில் மட்டம் ஏறும், விடும்போது "களக்" என்று ஒரு குமிழ் வந்து மட்டம் முன்பிருந்ததை விடக் கீழே போகும். குமிழ் வருவது நிற்கும் வரை அமுக்குங்கள், கீழ் ஹோஸ் எட்டினால் அதையும். அவசரம் இல்லையென்றால் இந்த நிலையில் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் மட்டம் இன்னும் இறங்கியிருக்கும். தெர்மோஸ்டாட்டின் சின்னத் துளை வழியாகக் காற்று ஊர்ந்து வர அவ்வளவு நேரம் எடுக்கும்.

இப்போது எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பாருங்கள். கணக்குக்கு ரொம்பக் குறைவாக இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், எங்கோ பெரிய இடத்தில் ஏர் இருக்கிறது. ப்ளீடரையும் ஹோஸையும் மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு, கணக்கு பக்கத்தில் வந்த பிறகு மேலே போகலாம்.

ஓடவிட்டு எடுப்பது

திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் சைலன்சர் புகை ஆளைக் கொல்லும். ரேடியேட்டர் மின்விசிறி எந்த நொடியும் தானாகச் சுற்றும், சில வண்டிகளில் என்ஜினை அணைத்த பிறகும் சுற்றும், அதனால் கை, துணி, தொங்கும் கயிறு எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

புனல் பாதி நிறைந்திருக்கட்டும். ஏசியை அணைத்துவிடுங்கள், ஏசி போட்டால் விசிறி முன்கூட்டியே சுற்ற ஆரம்பித்து, தெர்மோஸ்டாட் எப்போது திறந்தது என்றே தெரியாது. ஹீட்டர் கடைசிச் சூட்டில், அதன் காற்று வேகம் குறைவில். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். ஆரம்பத்திலேயே மிதிக்காதீர்கள், பம்ப் வேகமாகச் சுற்றினால் பெரிய குமிழை நுணுக்கிச் சின்னக் குமிழ்களாக எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடும், அவை மேலே வந்து சேர இன்னும் நேரமாகும்.

சில நிமிடங்களுக்கு ஒன்றும் பெரிதாக நடக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வரும். சூடு 82 முதல் 92 டிகிரிக்குள் எங்கோ வரும்போது தெர்மோஸ்டாட் திறக்கும், எத்தனை டிகிரி என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்த நேரத்தில் புனலை விட்டு நகராதீர்கள். அதுவரை பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்த ஹோஸ் சடக்கென்று சூடாகும், ஒரு பெரிய குமிழ் ஏப்பம் விட்ட மாதிரி மேலே வரும், மட்டம் ஒரேயடியாகக் கீழே போகும். உடனே ஊற்ற வேண்டும், கூலன்டைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருங்கள். மட்டம் கழுத்துக்குக் கீழே போனால் மறுபடியும் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

திறந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றி 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து விடுங்கள், மறுபடி ஐடிலிங், மறுபடி ஏற்றம். விடும்போதுதான் குமிழ் வரும். ஹீட்டர் காற்றைக் கையால் பாருங்கள். ஐடிலிங்கில் குளிர்ந்தும் மிதித்தால் சூடாகவும் வந்தால் ஹீட்டரில் இன்னும் ஏர் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் ஓடை ஓடுவது போல் சலசலப்புக் கேட்டாலும் அதே பொருள்தான். இரண்டு ஹீட்டர் ஹோஸ்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

விசிறி இரண்டு முறை சுற்றி நின்றால் போதும், அதற்கு மேல் திறந்து வைத்து ஓட்ட வேண்டியதில்லை. மூடி இல்லாததால் சிஸ்டத்தில் அழுத்தமே இல்லை என்பதை மறக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் சூடான இடங்களில் கூலன்ட் கொதிக்கத் தொடங்கி ஆவிக்குமிழ் வரும், நீங்கள் அதையும் ஏர் என்று நினைத்து இன்னும் ஓடவிடுவீர்கள், கடைசியில் புனல் பொங்கி மேலே தெறிக்கும். முள் வழக்கத்துக்கு மேல் ஏறினாலோ, சூடு ஏறியும் மேல் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தாலோ உடனே அணைத்துவிட்டு முழுக்க ஆறவிடுங்கள். ஆறும் முன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, பிளாக்கும் ஹெட்டும் விரிசல் விட்டுவிடும்.

வேறு முறைகள்

கம்ப்ரஸர் இருந்தால் வேக்கம் ஃபில்லர் நல்ல கருவி, ஊற்றி எடுக்கிற தொல்லையே கிடையாது. கம்ப்ரஸர் காற்றை வைத்து சிஸ்டத்தில் உள்ள காற்றை உறிஞ்சி வெளியே எடுக்கும், கருவியின் முள் 0.8 பார் வெற்றிடம் அளவுக்குப் போகும், ஹோஸ்கள் சப்பையாகும், பயப்பட வேண்டாம். வால்வை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து முள் இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் கசிவு இருக்கிறது, கூலன்ட் ஊற்றும் முன்பே தெரிந்துவிட்டது. முள் நின்றால் கூலன்ட் வால்வைத் திறந்தால் வாளியிலிருந்து அதுவே இழுத்துக்கொள்ளும். வாளியில் போதுமான கூலன்ட் இருக்க வேண்டும், பாதியில் தீர்ந்தால் காற்றைத்தான் இழுக்கும். நொய்ந்துபோன பழைய ஹோஸ்களோடு இதைச் செய்ய எனக்கு மனம் வராது.

பெல்ட் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் வாட்டர் பம்ப் உள்ள வண்டிகள் தனி ரகம். என்ஜினை ஐடிலிங்கில் விட்டாலும் பம்ப் நாம் எதிர்பார்க்கிற மாதிரி ஓடாது, கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஓடும். மின்பம்ப் உள்ள சில பிஎம்டபிள்யூ மாடல்களில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரைக் கடைசிச் சூட்டிலும் காற்று வேகத்தைக் குறைவிலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரை அடிவரை 10 வினாடி மிதித்துப் பிடித்தால் பம்ப் தானாக 12 நிமிடம் போல ஓடி ஏரை டேங்குக்குக் கொண்டுவரும். பேட்டரிக்கு சார்ஜர் போட்டுவிட்டுச் செய்வது நல்லது. வேறு சில வண்டிகளில் இதை ஸ்கேன் கருவியில்தான் தொடங்க முடியும். ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வெர்ட்டருக்குத் தனி டேங்க், தனி சுற்று. எதில் ஊற்றுகிறோம் என்று பார்த்து ஊற்றுங்கள்.

பின் இருக்கைக்கும் ஹீட்டர் உள்ள வேன்களில் நீளமான குழாய் அடியில் ஓடும், பின் ஹீட்டரையும் திறந்து வைக்காவிட்டால் அந்த ஏர் பிறகு ஒரு நாள் முன்னால் வந்து தொல்லை கொடுக்கும். தண்ணீர் கூலிங் உள்ள பைக்கில் வேலை எளிது, ஊற்றிக்கொண்டே இடமும் வலமும் சாய்த்தால் பெரும்பாலான ஏர் வந்துவிடும்.

குமிழ் நிற்கவே இல்லை என்றால்

சாதாரண ஏர் குமிழ் பெரிதாக, ஒழுங்கில்லாமல், இடைவெளி விட்டு வரும், நேரம் ஆக ஆகக் குறையும். இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. சோடாவைத் திறந்தது போல நுண்ணிய குமிழ் நிற்காமல் வரும், மிதித்தால் கூடும், எத்தனை முறை எடுத்தாலும் தீராது. அது உள்ளே தங்கிய காற்று இல்லை, சிலிண்டரிலிருந்து வருகிற எரிந்த வாயு. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட்டின் தளம் வளைந்திருக்கிறது, அல்லது விரிசல். மூடியைப் போட்டுக் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, இன்னும் சூடாகாத மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சந்தேகமே வேண்டாம்.

உறுதிப்படுத்த நீல நிறத் திரவம் ஊற்றிய சோதனைக் குழாய் கிடைக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சினால், எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். முதலில் கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள், கூலன்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். மஞ்சள் என்று வந்துவிட்டால் ஏர் எடுப்பதில் இனி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஹெட்டைத்தான் மறுபடி இறக்க வேண்டும்.

மூடியைப் போட்ட பிறகு

என்ஜின் ஆறியதும் புனலில் உள்ள அடைப்பானைப் போட்டு எடுத்துவிட்டு, மட்டத்தைச் சரிசெய்து மூடியைப் போடுங்கள். மூடியையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன, ஒன்று அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடுவதற்கு, நடுவில் உள்ள சின்னது என்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுப்பதற்கு. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் ஆறும்போது கூலன்டுக்குப் பதில் காற்றை இழுக்கும், நீங்கள் எடுத்த ஏர் ஒவ்வொரு இரவும் திரும்ப வந்துகொண்டே இருக்கும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பையாகக் கிடக்கும். மூடி மலிவான சாமான், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் மூடியில் போட்டிருக்கும் அதே அழுத்த எண்ணில் வாங்குங்கள். ஓவர்ஃப்ளோ பாட்டிலில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலேயே கூலன்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஹோஸும் காற்றைத்தான் உறிஞ்சும்.

கொட்டிய கூலன்டைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். வடித்ததையும் திறந்த வாளியில் வைக்காமல் மூடிபோட்ட கேனில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். முள்ளில் ஒரு கண், ஹீட்டரில் ஒரு கண். ஓட்டிவிட்டு வந்து இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்பு, மிச்சமிருந்த ஏர் வெளியே வந்த இடம்தான் அது. ஊற்றி நிரப்புங்கள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் இறங்கலாம், அதற்கடுத்த நாள் நின்றுவிட வேண்டும். மூன்று நான்கு முறை சூடாகி ஆறிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் அது ஏர் கணக்கில் சேராது, கசிவு. குளிர்ந்த என்ஜினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் நீங்கள் கை வைத்த இடங்களையே தேடுங்கள்: ஹோஸ் கிளாம்ப்கள், தெர்மோஸ்டாட் வீட்டின் கேஸ்கெட், ப்ளீடரின் வாஷர், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் ஒழுகு துளை. வெளியே எங்கேயும் ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் முன்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், ஹீட்டர் கசிந்தால் அங்கேதான் பிசுபிசுப்பாக இருக்கும். அங்கேயும் காய்ந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எந்தச் சிலிண்டர் நனைந்திருக்கிறது என்று பாருங்கள்.